கண்ணுங்களா, வாங்க

பெட்டிக்குள் மஞ்சள் கவுன் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு குழந்தை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அதே துணி, அதே அளவு, கழுத்தைச் சுற்றி அதே வெள்ளை பைப்பிங். பயணத்துக்கென்று அவள் தைத்தது ஒன்றுதான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வெட்டியது இரண்டு. அதிலும் சந்தேகமில்லை.

அவள் தையல்காரி. துணியை மடித்துப் போட்டு ஒரே வெட்டில் இரண்டு உருப்படி எடுப்பது, இரட்டைப் பெண்கள் பிறந்ததிலிருந்து அவள் கைக்கு ஊறிப்போன பழக்கம். மேல்மடிப்பு ஒருத்திக்கு, கீழ்மடிப்பு ஒருத்திக்கு. போன வாரமும் யோசிக்காமல் மடித்துப் போட்டு வெட்டிவிட்டாள். கத்தரி கடைசி வளைவைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. வெட்டுமேசையின் மேல் கையை ஊன்றியபடி வெகுநேரம் நின்றாள். பிறகு கீழ்மடிப்புத் துண்டுகளைச் சுருட்டி வெட்டுத்துணி மூட்டைக்குள் திணித்துவிட்டு, ஒன்றை மட்டும் தைத்து முடித்தாள்.

இப்போது அந்த இன்னொன்றும் தைத்து, பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டதுபோல் மடிந்து கிடந்தது. விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். நெருக்கமான சின்னத் தையல். அவள் கைத் தையல்.

தூக்கத்தில் எழுந்து தைத்திருப்பேனோ? இருக்கலாம். இந்த மாதங்களில் அவள் கை, அவளைக் கேட்காமல் எவ்வளவோ செய்திருக்கிறது. இரண்டு டம்ளரில் பால் ஊற்றியிருக்கிறது. இரண்டு பல்துலக்கியில் பசை வைத்திருக்கிறது.

"அண்ணி, மாத்துத் துணிய அடியில போட்டு வெக்காதீங்க, கைப்பையில வைங்க" என்று கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. அவள் மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பலமுறை விமானம் ஏறி இறங்கியவள். காலையிலிருந்து அவள் ராஜ்ஜியம்தான். "ஏறின உடனே வாந்தி எடுக்கும். பெட்டி கீழ லக்கேஜ்ல போயிடும். அப்புறம் உங்க முந்தானையத்தான் சுத்திவிடணும்."

"வெச்சாச்சு" என்றாள். இரண்டாவது கவுனைக் கைப்பைக்குள் வைத்தபோது துணி லேசாகச் சூடாக இருந்ததுபோல் பட்டது. இஸ்திரிப் பெட்டியை அன்று அவள் தொடவேயில்லை.

நாத்தனார் உள்ளே வந்து, காகிதத்தில் சுற்றிய குட்டிக் குட்டிப் பொட்டலங்களைப் பையின் ஓரத்தில் செருகினாள். எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். "அழ ஆரம்பிச்சா ஒண்ணு குடுங்க. பிரிச்சுப் பாக்குறதுலயே கொஞ்ச நேரம் ஓடும். மொத்தத்தையும் தரையிலயே குடுத்துத் தொலைச்சீங்கன்னா, மேல போனதும் பைலட்டத்தான் கூப்பிட்டு டான்ஸ் ஆடச் சொல்லணும். மேல ஏறும்போது காது வலிக்கும், மிட்டாய் சப்பக் குடுங்க. ஃபிளைட் லேட்டாச்சுன்னா பதறாதீங்க. நீங்க பதறினா அதுவும் பதறும். அவ்வளவுதான் வித்தை."

"தூக்கம்?"

"உங்களுக்கா? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்த வேகத்திலேயே அடங்கியது. இந்த வீட்டில் இப்போதெல்லாம் சிரிப்பு அப்படித்தான், தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல் திரும்பிப் போய்விடும்.

முதலில் பிறந்தவளைப் பெருசு என்றும் அடுத்து வந்தவளைச் சிறுசு என்றும்தான் வீட்டில் எல்லோரும் கூப்பிட்டார்கள். அச்சில் வார்த்ததுபோல் இருவரும் ஒன்றே. பெற்ற தகப்பனே தடுமாறுவான். அவளுக்கு மட்டும் இருவரும் கண்ணுங்கள். "கண்ணுங்களா" என்றால் இரண்டும் ஓடி வரும். யாருக்கு முதலில் மடி என்று சண்டை நடக்கும். "மடி ஒண்ணுதான் இருக்கு, முறை போட்டுக்குங்கடி" என்பாள். முறை போட்டுக்கொள்ளும். சிறுசுக்குத்தான் பொறுமை. எப்போதும் பெருசை முதலில் விட்டுக்கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று காத்துக்கொண்டிருக்கும்.

மழைக்காலத்தில் சிறுசுக்குக் காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது அவள் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவன் ஓடி வந்தான், அழுதான், விடுமுறை தீர்ந்ததும் போனான். பிறகு ஒரு நாள் போனில், "அந்த வீட்டுச் சுவரையே பாத்துட்டு உக்காந்திருந்தா நீயும் மிஞ்ச மாட்ட. அவளக் கூட்டிட்டு வந்துடு" என்றான்.

பெருசு என்று கூப்பிட அதன் பிறகு யாருக்கும் வாய் வரவில்லை. சிறுசு இல்லாமல் பெருசு ஏது? கண்ணு என்று மட்டும் கூப்பிட்டாள். குழந்தையும் ஒன்றை மாற்றிக்கொண்டது. பேசத் தொடங்கிய நாளிலிருந்து அதன் வாயில் 'நாங்க'தான். நாங்க சாப்பிட்டோம், நாங்க தூங்க மாட்டோம். இப்போது 'நான்' சொல்லப் பழகியது. ஒவ்வொரு முறையும் 'நா' என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, அடுத்த எழுத்தைத் தேடி எடுத்துச் சொன்னது. அந்தச் சின்ன நிறுத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு அறுந்தது.

டாக்ஸி வந்தது. பெட்டிகள் ஏறின. நாத்தனார் குழந்தையைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தாள். அவள் மட்டும் வாசலில் நின்று, கதவின் குமிழைப் பிடித்தபடி வீட்டை ஒரு தடவை பார்த்தாள். திரைச்சீலை கழற்றிய ஜன்னல்கள். போர்வை மூடிய தையல் மெஷின். எல்லாம் எடுத்தாயிற்றா என்ற நினைப்பிலேயே, ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது சொல்வதை வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கண்ணுங்களா, கெளம்பலாம், வாங்க."

குரல் காலி அறைகளுக்குள் போய்ச் சுற்றியது. டாக்ஸியருகே நின்ற நாத்தனார் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, போட்டு முடித்த பையின் ஜிப்பை மறுபடி போட்டாள்.

உள்ளே, படுக்கையறைப் பக்கம், ஏதோ ஒன்று தரையில் மெல்ல இறங்கியது. கட்டிலிலிருந்து குழந்தை குதிக்காமல் சறுக்கி இறங்கினால் கேட்குமே, அந்த அளவுக்கு.

அவள் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. யாரோ வெளியே வரட்டும் என்பதுபோல், ஒரு மூச்சு நேரம், கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் பூட்டினாள்.

நாத்தனார் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பின்சீட்டில் குழந்தை ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

"நல்லா உக்காரு கண்ணு. இவ்வளவு எடம் இருக்கே?"

"இடிக்குதும்மா" என்றது.

விமான நிலையத்துக்கு வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. பகல்தான். ஆனாலும் வானமும் ஓடுபாதையும் ஒரே வெள்ளையாகக் கலந்து, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உலகத்தை யாரோ துடைத்து எடுத்துவிட்டதுபோல் இருந்தது. நாத்தனார் விடைபெற்றுப் போனாள். சோதனைகள் முடிந்தன. அறிவிப்புப் பலகையில் அவர்களுடைய விமானத்துக்கு எதிரே 'தாமதம்' என்ற சிவப்பு எழுத்து. சக்கரப் பெட்டிகள் தரையின் இடுக்குகளில் தடதடக்கும் ஓசையும், காப்பி இயந்திரத்தின் சீறலும், யார் யாரையோ தேடி அழைக்கும் பெண்குரலும், எங்கோ விடாமல் அழும் கைக்குழந்தையும் எல்லாம் சேர்ந்து, காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல் ஒரே இரைச்சலாக மந்தமாகக் கேட்டன.

பதறக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள். ஒரு பொட்டலத்தைப் பிரிக்கக் கொடுத்தாள். குட்டிக் கார். டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தாள். குழந்தை அதை இரண்டாக உடைத்தது. ஒரு பாதியைத் தின்றது. மறுபாதியைப் பக்கத்துக் காலி நாற்காலியில் வைத்தது.

பழைய வழக்கம்தான். பாவம், என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது நாற்காலியில் துகள்கள் மட்டும் இருந்தன.

"அதையும் நீயே தின்னுட்டியா?"

குழந்தை காரை உருட்டியது. சற்றுக் கழித்து, "எங்களுக்குத் தண்ணி" என்றது.

மூடியைத் திருகிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"என்ன சொன்ன?"

"எங்களுக்குத் தண்ணி வேணும்."

நிறுத்தம் இல்லை. தேடல் இல்லை. அந்தச் சொல் வழுக்கிக்கொண்டு வந்தது, முன்பெல்லாம் வந்ததுபோல. முதலில் அவளுக்குள் எழுந்தது பயம் அல்ல. அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தாகத்தில் கிடந்தவள் தண்ணீரைக் கண்டதுபோல் அவள் உடம்பு முழுக்க அந்தச் சொல்லை நோக்கிச் சாய்ந்தது. குழந்தைக்கு எதிரே மண்டியிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"அவ எங்க இருக்கா?"

"இங்கதான்."

"அம்மாகிட்ட பேசச் சொல்லேன்."

குழந்தை பக்கத்து நாற்காலியைப் பார்த்தது. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டது.

"பேச மாட்டாளாம்."

"கோவமா?"

"கோவம் இல்லியாம். நீதான வாங்கன்னு கூப்ட்ட. அதான் வந்தாளாம்." காரின் சக்கரத்தை விரலால் சுற்றியது. "எப்பவும் நானே மொதல்ல மடியில உக்காந்தேனாம். இப்ப அவ முறையாம்."

ஈரத் துடைப்பானோடு தரையைத் துடைத்துக்கொண்டு வந்த பெண் பக்கத்தில் நின்றாள். "அம்மா, ரெண்டு பேரையும் கால மேல தூக்கிக்கச் சொல்லுங்க, வழுக்கிடும்" என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "ஒண்ணுதானா? ராத்திரியெல்லாம் டூட்டி, கண்ணு எனக்கே ரெண்டு ரெண்டாத் தெரியுது." சிரித்தபடி துடைத்துக்கொண்டே போனாள்.

ஈரத் தரையில் விளக்குகள் நீளநீளமாகக் கிடந்தன. நாற்காலியின் நிழல் கிடந்தது. தொங்கிக்கொண்டிருந்த கால்களின் நிழல் கிடந்தது. அவள் அதை எண்ணிப் பார்க்க விரும்பவில்லை. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். மாற்றுத் துணி இருக்கிறதா என்று கைப்பையைத் துழாவினாள்.

மிட்டாய் இருந்தது. மருந்துப் பாட்டில் இருந்தது. பொட்டலங்கள் இருந்தன.

மஞ்சள் கவுன் இல்லை.

போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். "பனியாம், லேட்டாகும்" என்றாள்.

"பாப்பா என்ன பண்றா?"

"விளையாடுறா."

"தனியாவா? போரடிக்குமே."

சொன்னால் அவன் என்ன செய்வான்? மாத்திரை போட்டாயா என்பான். "வந்துடறோம்" என்று மட்டும் சொல்லி வைத்தாள். வைத்த பிறகு தான் சொன்ன சொல் காதில் திரும்ப ஒலித்தது. வந்துடறோம். எத்தனை பேர்?

கண்ணாடிச் சுவரை ஒட்டிக் குழந்தைகள் விளையாட ஒரு மூலை இருந்தது. ரப்பர் தரை, ஒரு சறுக்கு, ஊர்ந்து போக ஒரு பிளாஸ்டிக் குழாய். மடியில் நெளிந்து நெளிந்து இறங்கிய குழந்தை அங்கே போகவேண்டும் என்று அடம்பிடித்தது. மற்றப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் இருந்தது. விட்டாள். குழந்தை குழாய்க்குள் நுழைந்தது, மறுபக்கம் வந்தது, சிரித்தது. மறுபடி நுழைந்தது.

மறுபடி வந்தது. மறுபடி நுழைந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் ஒன்றைக் கவனித்தாள். உள்ளே போன கால் மறைவதற்கும் மறுபக்கம் தலை தெரிவதற்கும் இடையில் நேரமே இல்லை. இந்தப் பக்கம் பாதம் இன்னும் முழுதாக மறையவில்லை. அந்தப் பக்கம் முகம் வந்துவிட்டது.

மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக விலகித் தங்கள் தங்கள் அம்மாவிடம் போனார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

பனி கொஞ்சம் விலகியது. பலகையின் எழுத்து பச்சையாக மாறியது. கூட்டம் எழுந்து வரிசையானது. அவளும் பையைத் தோளில் மாட்டினாள். "கண்ணு, வா, ஏறலாம்."

குழாய்க்குள் சிரிப்பு. வெளியே யாரும் வரவில்லை.

"வா கண்ணு, விளையாடாத."

சிரிப்பு நின்றது. குசுகுசுவென்று பேச்சு. வரிசை கரைந்துகொண்டிருந்தது. அவள் குழாயின் வாயருகே மண்டியிட்டுக் குனிந்தாள். உள்ளே இருட்டு. இவ்வளவு குட்டிக் குழாய்க்குள் அவ்வளவு இருட்டு எப்படி? மறுபக்க வெளிச்சம் தெரியவில்லை. உள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. ஆஸ்பத்திரி ஸ்பிரிட். காய்ச்சல் வியர்வையில் நனைந்த தலைமுடி. அந்த வாசனையை அவள் தலையணை உறையில் பல நாள் தேடியிருக்கிறாள். துவைக்காமல் வைத்திருந்தாள்.

வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது. இரண்டு கையையும் உள்ளே நீட்டி, கிடைப்பதை எல்லாம் வாரி எடுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஒலிபெருக்கியில் கடைசி அழைப்பு வந்தது.

ஒரு டிக்கெட். ஒரு பாஸ்போர்ட். ஒரு மடி. மூச்சோடு இருப்பவளைக் காப்பாற்ற வேண்டும். பெற்ற வாயால் எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆகவேண்டும்.

"கண்ணு" என்றாள். "ரெண்டு பேரும் வரக்கூடாது. நீ மட்டும் வா."

குழாயின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"நீ மட்டும்."

ஒரு சின்னக் கை வெளியே வந்தது. அதைப் பற்றி இழுத்தாள். மஞ்சள் கவுன் வந்தது. முகம் வந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் குழாய்க்குள் எதுவோ தட்டியது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் போக முடியாது. வாசலில் நின்ற பணிப்பெண் சீட்டைக் கிழித்தாள். "நல்லவேளை, மூடப் பாத்தோம்." ஓடினாள். இருக்கை. பெல்ட். கதவு மூடும் சத்தம், காதுக்குள் காற்று அமுங்கியது.

அப்போதுதான் மூச்சு விட்டாள்.

குழந்தை தன் இருக்கையில் உட்காரவில்லை. மடியில் ஏறி, தலையை அவள் மார்பில் பதித்துச் சுருண்டுகொண்டது. வெகுகாலமாக அப்படி உட்காராததுபோல் உட்கார்ந்தது. மடியை அளந்து அளந்து இடம் பிடித்தது. அவள் அதன் முதுகைத் தடவினாள். உள்ளங்கை சுட்டது.

நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

காய்ச்சல். பையில் மருந்து இருக்கிறது. ஓடி விளையாடிய சூடு. அவ்வளவுதான். அவ்வளவுதான்.

"கண்ணு… உனக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலம்மா. நான் ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டிருந்தேன்."

நான் என்றது. தடங்கல் இல்லாமல்.

விமானம் பின்னோக்கி நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி பிரிந்தது. நிலையத்தின் நீளக் கண்ணாடிச் சுவர் மெல்ல மெல்லத் தெரிந்தது. காலி நாற்காலிகள். சறுக்கு. குழாய்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒரு குழந்தை.

இரண்டு உள்ளங்கையும் விரித்துக் கண்ணாடியை அடித்தது. வாய் முழுதாகத் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. இயந்திரம் இரைந்தது. அதன் மூச்சு கண்ணாடியில் வெள்ளையாகப் படர்ந்தது. அழிந்தது. மறுபடி படர்ந்தது. பெற்றவளுக்கு அடையாளம் எதற்கு? அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எழப் பார்த்தாள். பெல்ட் விடவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் விடவில்லை. கண்ணாடி விலகிக்கொண்டே போனது. குழந்தை விமானத்தோடு கூடவே ஓடியது, சுவர் முடியும் இடம்வரை. அங்கே நின்றது. கை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

"கண்ணு!" என்று அலறினாள்.

"என்னம்மா?" என்றது, மடியிலிருந்து.